சமையலறை வடிகால் அடைப்பு

சமையலறை வடிகால் அடைப்பு என்பது பாத்திரம் கழுவிய நீரை வீட்டிலிருந்து வெளியேற்றும் குழாயில் கொழுப்பு, உணவுத் துகள், சோப்புப் படிவு, மண் முதலியவை தேங்கி, நீரோட்டத்தைக் குறைப்பது அல்லது முற்றிலும் நிறுத்துவது ஆகும். புதிய வீடுகளில் இது பெரும்பாலும் தற்செயலாக நிகழ்கிறது. ஒருமுறை நீக்கினால் தீர்ந்துவிடும். பழைய வீடுகளில் சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ ஒருமுறை மீண்டும் மீண்டும் ஏற்படுவதுண்டு. இவ்வாறு மீளும் அடைப்பு பெரும்பாலும் குழாயில் சிக்கிய ஏதோ ஒரு பொருளால் ஏற்படுவதன்று. குழாயின் சாய்வு, அளவு, இணைப்பு, அதில் செல்லும் கழிவு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் குறை உள்ளது என்பதற்கான அடையாளம் அது. எனவே அடைப்பை நீக்குதல் ஒரு வேலை. அது மீளாமல் செய்தல் வேறொரு வேலை.

மீளும் அடைப்புக்கான காரணங்கள் பலவும் ஒருங்கே அமைந்த பகுதிகளுள் ஒன்று தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டம். கரிசல் மண், நீர்ப் பற்றாக்குறை, எண்ணெய் மிகுந்த சமையல், சிவகாசிப் பகுதியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் ஆகியவை இங்குள்ள பழைய வீடுகளின் வடிகாலோடு தொடர்புடையவை. இக்கட்டுரை அவ்வீடுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இச்சிக்கலை விளக்குகிறது.

சொற்களும் பழைய அமைப்பும்

தென்மாவட்டங்களில் வீட்டுக்குள் பாத்திரம் கழுவும் தாழ்ந்த இடம் அங்கணம் எனப்படும். இது பழைய சொல். திருக்குறளின் அவையறிதல் அதிகாரத்தில் (குறள் 720) தூய்மையற்ற முற்றம் என்னும் பொருளில் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. வீட்டுக்கு வெளியே தெருவோரம் ஓடும் திறந்த சாக்கடையை விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை வட்டாரங்களில் வாறுகால் என்பர்.

பழைய வீடுகளில் அங்கணத்து நீர் சுவரிலிருந்த துளை வழியாக நேரே கொல்லைப்புற வாழைக்கோ வாறுகாலுக்கோ சென்றது. நீளமான மூடிய குழாய் இல்லாததால் அடைப்பு ஏற்பட்டாலும் கண்ணுக்குத் தெரிந்தது. குச்சியால் நீக்க முடிந்தது. வடிகஞ்சியும் அரிசி கழுவிய நீரும் மாட்டுத் தொட்டிக்குச் சென்றன. எச்சில் சோறும் காய்கறித் தோலும் அவ்வாறே. பாத்திரங்கள் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு துலக்கப்பட்டன.

பின்னர் இவ்வீடுகளில் மேடையும் கழுவுதொட்டியும் (சிங்க்) அமைக்கப்பட்டன. குளியலறையும் கழிவறையும் சேர்க்கப்பட்டன. அங்கணத்துத் துளையோடு புதிய பிவிசி குழாய் இணைக்கப்பட்டு, அது தரைக்கடியில் இருந்த பழைய பீங்கான் குழாயில் விடப்பட்டது. மாடு இல்லாத வீடுகளில் கஞ்சியும் எச்சிலும் அதே குழாயில் செல்லத் தொடங்கின. பழைய வழியில் புதிய சுமை ஏற்றப்பட்டதே மீளும் அடைப்பின் தொடக்கம் எனலாம்.

வடிகாலின் உறுப்புகள்

• சல்லடை: கழுவுதொட்டியின் வாயில் உள்ள துளைத் தட்டு. உணவுத் துகள்களைத் தடுப்பது.
• நீர்ப்பொறி: தொட்டிக்குக் கீழே உள்ள வளைந்த பகுதி. கொத்தனார்கள் இதனை டிராப் என்பர். வளைவில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நின்று, சாக்கடை வளிமமும் பூச்சிகளும் வீட்டுக்குள் வராமல் தடுக்கும். நின்ற நீரால் வளிமத்தைத் தடுக்கும் இவ்வளைவுக்கு 1775ஆம் ஆண்டில் கடிகாரம் செய்பவரான அலெக்சாண்டர் கம்மிங் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். கழிவறைக்காக அமைக்கப்பட்ட அதன் தத்துவமே சமையலறையிலும் பயன்படுகிறது.
• கிடைக்குழாய்: சுவரிலிருந்து வெளித்தொட்டி வரை செல்லும் குழாய்.
• கல்லி டிராப்: வீட்டுக்கு வெளியே தரைமட்டத்தில் அமையும் சிறு தொட்டி. இதற்குள்ளும் ஒரு நீர்ப்பொறி உண்டு.
• சேம்பர்: குழாய்கள் சேரும் இடத்திலும் திரும்பும் இடத்திலும் கட்டப்படும் மூடியுள்ள சோதனைத் தொட்டி.

பழைய வீடுகள் பலவற்றில் சேம்பர் கட்டப்படவில்லை. சில வீடுகளில் அதன் மேல் தரை ஓடு பதிக்கப்பட்டுவிட்டதால் அது இருக்கும் இடமே தெரிவதில்லை.

காரணங்கள்

எண்ணெயும் சுண்ணச் சோப்பும்

விருதுநகர் நெடுங்காலமாக உணவு எண்ணெய் வணிகத்துக்குப் பெயர் பெற்ற ஊர். எண்ணெயில் பொரித்தெடுக்கப்படும் விருதுநகர் பரோட்டா தமிழகமெங்கும் அறியப்பட்டது. எண்ணெய் குளிர்ந்து உறைவதால் குழாய் அடைபடுகிறது என்பது பொதுவான கருத்து. ஆட்டுக் கொழுப்பு, நெய், வனசுபதி ஆகியவற்றுக்கு இது பொருந்தும். ஆனால் கடலையெண்ணெயும் நல்லெண்ணெயும் இப்பகுதியின் வெப்பநிலையில் உறைவதில்லை. அவை வேறு வகையில் படிகின்றன.

எண்ணெயை நீர்ப்பதமுள்ள பண்டங்களோடு திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதிலிருந்து கொழுப்பு அமிலங்கள் பிரிகின்றன. இவ்வமிலங்கள் கடின நீரில் உள்ள கல்சியத்தோடு சேர்ந்து, நீரில் கரையாத கல்சியம் சோப்பாக மாறுகின்றன. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் வெண்ணிறத் திப்பியாகத் திரள்வதும் இதே வகை வினையே. குழாயின் உட்சுவரில் இது சாம்பல் நிற மெழுகு போலப் படிந்து, நாளடைவில் கல் போல் இறுகும். ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாத்திரம் கழுவப் பயன்படுத்தும் வீடுகளிலும், பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றும் வீடுகளிலும் இப்படிவு மிகுதி.

இச்சிக்கல் ஒரு வட்டாரத்துக்கு மட்டும் உரியதன்று. 2017ஆம் ஆண்டில் இலண்டனின் வொயிட்சாப்பல் பகுதிச் சாக்கடையில் ஏறத்தாழ 250 மீட்டர் நீளமும் 130 தொன் எடையும் கொண்ட கொழுப்புத் திரள் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் துண்டொன்று 2018இல் இலண்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

மாப்பொருள்

சூடான வடிகஞ்சி குழாயில் எளிதாக ஓடும். ஆறியதும் கூழாகி ஒட்டிக்கொள்ளும். தோசை மாவு, மைதா ஆகியவையும் அத்தகையவை. சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் தீப்பெட்டி ஒட்டுதல், வெடிக்கான காகிதக் குழாய் சுற்றுதல் ஆகிய வேலைகள் வீடுகளிலும் நடைபெற்று வந்துள்ளன. இவற்றுக்கு மைதாப் பசை காய்ச்சப்படுகிறது. பசைச் சட்டியை அங்கணத்தில் கழுவும்போது, அப்பசை காகிதத்தை ஒட்டுவது போலவே கொழுப்பையும் மண்ணையும் குழாய்ச் சுவரோடு ஒட்டிவிடுகிறது.

நீர்க்குறைவு

குழாயில் செல்லும் திண்மத் துகள்களை நீர் அடித்துச் செல்ல ஒரு குறைந்தபட்ச வேகம் தேவை. வடிகால் அமைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 0.75 மீட்டர் வேகம் தன்தூய்மை வேகமாகக் கொள்ளப்படுகிறது. விருதுநகர் மாவட்டத்தில் நாள்தோறும் குழாய்நீர் கிடைக்காத ஊர்கள் பல. அங்கு ஒரு வாளி நீரில் எல்லாப் பாத்திரங்களும் கழுவப்படும். சிறிது சிறிதாகச் செல்லும் அந்நீர், துகள்களை வழியிலேயே விட்டுச் செல்கிறது.

சாய்வும் கரிசல் மண்ணும்

கழுவுதொட்டியின் கிடைக்குழாய்க்கு 1 அடி நீளத்துக்குக் கால் அங்குலச் சரிவு (1:48) தேவை என்பது பொது விதி. 5 மீட்டர் நீளமுள்ள குழாயில் இரு முனைகளுக்கும் இடையே ஏறத்தாழ 10 செ.மீ. உயர வேறுபாடு இருத்தல் வேண்டும். தரைக்கடியில் செல்லும் 100 மி.மீ. குழாய்க்கு 1:57, 150 மி.மீ. குழாய்க்கு 1:100 என்னும் சரிவுகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

கரிசல் மண் நனையும்போது உப்பும். காயும்போது சுருங்கி வெடிக்கும். ஒவ்வோர் ஆண்டும் கோடையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் (அக்டோபர் - திசம்பர்) மண் இவ்வாறு அசைவதால், அதில் புதைந்த குழாயின் இணைப்புகள் விலகுகின்றன. சில இடங்களில் குழாய் தொய்ந்து பள்ளமாகிறது. அப்பள்ளத்தில் எப்போதும் நீரும் கசடும் தேங்கி நிற்கும். மேலே எத்தனை முறை அடைப்பு நீக்கினாலும் அதே இடத்தில் மீண்டும் படிவதற்கு இதுவே முதன்மையான காரணங்களுள் ஒன்று. விலகிய இணைப்பு வழியாக வேம்பு, அரசு போன்ற மரங்களின் வேர்களும் உள்ளே நுழைகின்றன.

தெருவின் மட்டம்

பழைய சாலையின் மேலேயே புதிய சாலை போடப்பட்டு வந்ததால், பல தெருக்கள் வீட்டுத் தரையைவிட உயர்ந்துவிட்டன. வாறுகாலும் அதற்கேற்ப உயர்த்திக் கட்டப்பட்டால், வீட்டுக் குழாயின் முனை நீருக்குள் மூழ்கி, நீர் வெளியேற வழியின்றிப் போகும். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய சாலை அமைக்க வேண்டும் எனத் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் 2021இல் அறிவுறுத்தினார்.

அடைப்பின் இடத்தைக் கண்டறிதல்

அடைப்பை நீக்கத் தொடங்கும் முன் அது எங்குள்ளது என அறிதல் வேண்டும். கருவிகள் ஏதுமின்றிப் பின்வரும் முறையில் இதனை அறியலாம்.

• கழுவுதொட்டியில் மட்டும் நீர் தேங்கி, குளியலறையில் நீர் நன்றாக வடிந்தால், அடைப்பு நீர்ப்பொறியிலோ சமையலறைக் கிடைக்குழாயிலோ உள்ளது.
• இரண்டிலும் நீர் தேங்கினால், இரு குழாய்களும் சேரும் இடத்துக்கு அப்பால் அடைப்பு உள்ளது.
• சேம்பர் மூடியைத் திறக்கும்போது உள்ளே நீர் நிரம்பி நின்றால், அடைப்பு சேம்பருக்குக் கீழே உள்ளது. சேம்பர் காலியாக இருந்தால், அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் இடையே உள்ளது.
• மழைக்காலத்தில் மட்டும் அடைப்பு ஏற்பட்டால், வாறுகாலின் மட்டமோ குழாயின் விலகிய இணைப்போ காரணமாக இருக்கலாம்.
• நீர்ப்பொறியைக் கழற்றித் துடைத்து மாட்டிய பின்னும் நீர் மெதுவாகவே வடிந்தால், குறை நீர்ப்பொறியில் இல்லை.

அடைப்பு ஏற்பட்ட நாள்களைக் குறித்து வைப்பது பயனுள்ளது. இரு அடைப்புகளுக்கு இடைப்பட்ட காலம் குறைந்துகொண்டே வந்தால், குழாயின் உள்விட்டம் படிவால் சுருங்கி வருகிறது எனக் கொள்ளலாம். இடைவெளி மாறாமல் ஒரே அளவாக இருந்தால், ஒரு குறிப்பிட்ட பள்ளம் அதே கால அளவில் நிரம்புகிறது எனக் கருத இடமுண்டு.

குழாயின் சரிவை, கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாய் கொண்டு அளக்கலாம். நீர் நிரப்பிய ஒளிபுகும் நெகிழிக் குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதே இதன் அடிப்படை.

நீக்கும் முறைகள்

பொறிமுறை வழிகள்

முதலில் நீர்ப்பொறியின் அடியில் வாளி வைத்து, மரையைக் கையால் திருகிக் கழற்றித் தூய்மை செய்தல் வேண்டும். பல அடைப்புகள் இதனாலேயே நீங்கும். அடுத்த வழி ரப்பர் கிண்ணம் பொருத்திய பிளஞ்சர். தொட்டியில் கிண்ணம் மூழ்கும் அளவு நீர் விட்டு, வழிவுத் துளையை ஈரத்துணியால் அடைத்து, மேலும் கீழுமாக அழுத்த வேண்டும். துளையை அடைக்காவிட்டால் அழுத்தம் அதன் வழியே வெளியேறிவிடும்.

கிடைக்குழாயில் உள்ள அடைப்புக்குச் சுருள்கம்பி (ஸ்பிரிங்) பயன்படுகிறது. ஊர்ப்புறங்களில் மூங்கில் பிளாச்சு செலுத்திக் குத்துவதும் உண்டு. மூங்கில் குத்தினால் படிவின் நடுவே ஒரு துளை மட்டும் விழும், நீர் வடியும், சுவரில் உள்ள படிவு அப்படியே இருக்கும். சில வாரங்களில் அத்துளை மீண்டும் அடைபடும். படிவு முழுவதையும் சுரண்டி எடுக்க, குழாயின் விட்டத்துக்கு ஏற்ற தலையுள்ள சுருள்கம்பியோ உயர் அழுத்த நீர்ப்பாய்ச்சலோ தேவை. வலுவிழந்த பழைய பீங்கான் குழாயில் உயர் அழுத்தம் இணைப்புகளை மேலும் விலக்கக்கூடும்.

வெந்நீர், கொழுப்பை இளக்கும். ஆனால் கொதிநீர் பிவிசி குழாயை நெகிழச் செய்யும். கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான சூடு போதுமானது.

வேதிப்பொருள்கள்

கடைகளில் கிடைக்கும் அடைப்பு நீக்கித் தூள்களில் பெரும்பாலும் சோடியம் ஐதராக்சைடு (எரிசோடா) உள்ளது. சிலவற்றில் அலுமினியத் துணுக்குகளும் சேர்க்கப்படும். எரிசோடா கொழுப்பை நீரில் கரையும் சோப்பாக மாற்றுகிறது. அலுமினியத்தோடு வினைபுரிந்து வெப்பத்தையும் ஐதரசன் வளிமத்தையும் வெளியிடுகிறது. புதிய கொழுப்புக்கு இது பயன்படும். இறுகிய கல்சியம் சோப்பின் மேல் இதன் விளைவு குறைவு.

சமையல் சோடாவும் வினாகிரியும் சேர்த்து ஊற்றும் முறை பரவலாகக் கூறப்படுகிறது. இவை இரண்டும் ஒன்றையொன்று நடுநிலையாக்கிக் கரியமில வளிமத்தை வெளியிடுகின்றன. நுரை பொங்குமேயன்றிக் கொழுப்புக் கரைவதில்லை.

ஆசிட் எனப்படும் ஐதரோகுளோரிக் அமிலத்தை ஊற்றும் வழக்கம் பழைய வீடுகளுக்கு மிகுந்த கேடு விளைவிப்பது. அமிலம் கொழுப்பைக் கரைப்பதில்லை. குழாய் இணைப்பிலுள்ள சுண்ணாம்பையும் சிமெந்தையும் அரிக்கிறது. அரித்த இணைப்பின் வழியே நீர் கசிகிறது. கரிசல் மண் நனைந்து உப்புகிறது. குழாய் மேலும் தொய்கிறது. அடைப்பு முன்னிலும் விரைவாக மீள்கிறது. தீர்வாகக் கருதப்படுவதே இங்குக் காரணமாகிவிடுகிறது.

மீளாமல் தடுத்தல்

• பொரித்த எண்ணெயை ஆறவிட்டுப் புட்டியில் சேர்த்தல். பயன்படுத்திய சமையல் எண்ணெயைத் திரட்டி உயிரி டீசல் செய்வதற்கான திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2018இல் தொடங்கியது.
• எண்ணெய்ப் பாத்திரங்களைக் கழுவும் முன் பழைய தாளால் துடைத்தல்.
• வடிகஞ்சி, மாவு கழுவிய நீர் ஆகியவற்றைக் கால்நடைக்கோ செடிக்கோ அளித்தல். பசைச் சட்டியை வழித்துத் துடைத்த பின்னரே கழுவுதல்.
• அரிசி, காய்கறி, துணி அலசிய நீரை ஒரு வாளியில் சேர்த்து, நாளுக்கு ஒருமுறை கழுவுதொட்டியில் ஒரே வீச்சில் ஊற்றுதல். சொட்டுச் சொட்டாகச் செல்லும் 10 லிட்டர் நீர் செய்யாத வேலையை, ஒன்றாக ஊற்றும் அதே 10 லிட்டர் செய்யும். இதற்குக் கூடுதல் நீர் தேவையில்லை.
• தொட்டிக்கடியில் உள்ள மடிப்புகள் கொண்ட நெகிழிச் சுருள் குழாயை நீக்கி, உட்புறம் வழுவழுப்பான குழாய் பொருத்துதல். மடிப்புகளில் கொழுப்பு எளிதில் தங்கும்.
• கல்லி டிராப்புக்கு முன் எண்ணெய்த் தொட்டி அமைத்தல். எண்ணெய் நீரைவிட அடர்த்தி குறைந்தது. வெளியேறும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், எண்ணெய் மேலே தங்கிவிடும். வாரம் ஒருமுறை வழித்தெடுக்கலாம்.
• ஒவ்வொரு திருப்பத்திலும் சேம்பர் கட்டி, அதன் மூடியைத் திறக்கக்கூடியதாக வைத்தல்.

இவற்றுக்குப் பின்னும் அடைப்பு மீண்டால், தொய்ந்த பகுதியைத் தோண்டிச் சரிவு திருத்துவதே தீர்வு. கரிசல் மண்ணில் பள்ளத்தின் அடியில் மணல் பரப்பிக் குழாயைப் படுக்கவைத்து, சுற்றிலும் மணலே நிரப்பினால் மண்ணின் அசைவு குழாயை அவ்வளவாகத் தாக்காது. ஒருமுறை செய்யும் இச்செலவு பெரியதாகத் தோன்றினும், ஆண்டுதோறும் அடைப்பு நீக்குவதற்கான செலவோடு ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும்.

பாதுகாப்பும் சட்டமும்

எரிசோடாவை நீரில் சிறிது சிறிதாக இட வேண்டும். எரிசோடாவின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, மருத்துவரை நாட வேண்டும். எரிசோடா இட்ட குழாயில் பிளஞ்சரையோ கம்பியையோ செலுத்தலாகாது. அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றினால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வளிமம் உண்டாகும். பழைய கசட்டின் மேல் அமிலம் பட்டால் ஐதரசன் சல்பைடு வெளிப்படலாம்.

பட்டாசுத் தொழிலில் பயன்படும் மருந்துகளுள் அலுமினியத் தூளும் ஒன்று. எரிசோடாவோடு சேர்ந்தால் இதுவும் ஐதரசனை வெளியிடும். எனவே மருந்து ஒட்டிய உடைகளை அலசிய நீர் செல்லும் குழாயில் எரிசோடா இடுவது தவிர்க்கத்தக்கது. ஆலையிலேயே கைகால் கழுவி உடை மாற்றிக்கொள்வது வீட்டுக்கும் குழாய்க்கும் நன்று.

அடைப்பு முற்றிய நிலையில், கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ பாதாளச் சாக்கடைக்குள்ளோ ஆளை இறக்கும் வழக்கம் பல உயிர்களைப் பறித்துள்ளது. அழுகிய முட்டை நாற்றமுடைய ஐதரசன் சல்பைடு, செறிவு மிகும்போது நுகரும் உணர்வையே மழுங்கச் செய்யும். நாற்றம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை எனக் கொள்ள முடியாது. முதலில் இறங்கியவரை மீட்கச் சென்றவர்களும் உயிரிழந்த நிகழ்வுகள் பல.

2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழிலுக்கான தடை, மறுவாழ்வுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகளின்றிச் சாக்கடையையோ கழிவுநீர்த் தொட்டியையோ தூய்மை செய்ய ஆள்களை அமர்த்துவதைத் தடை செய்கிறது. இத்தடை உள்ளாட்சிகளுக்கு மட்டுமன்றித் தனி வீட்டு உரிமையாளருக்கும் பொருந்தும். முதல் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 இலட்சம் ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சாக்கடையில் இறந்தோரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 இலட்சம் ரூபாயாகவும், 2023 அக்டோபரில் 30 இலட்சம் ரூபாயாகவும் நிர்ணயித்தது. இப்பணிக்கு உறிஞ்சு ஊர்தியையே அழைக்க வேண்டும்.

மீளும் அடைப்பைத் தொடக்கத்திலேயே காரணம் அறிந்து திருத்துவது, வீட்டின் சுவருக்கும் தரைக்கும் மட்டுமன்றி, கடைசியில் அழைக்கப்படும் தொழிலாளியின் உயிருக்கும் பாதுகாப்பாகும்.

இவற்றையும் பார்க்க

• கழிவுநீர் மேலாண்மை
• கடின நீர்
• கரிசல் மண்
• சவர்க்காரம்
• விருதுநகர் மாவட்டம்